விஷமும் விதையும்



"விதையை விஷத்தில் ஊறவைக்கிறீர்களாமே! அதில் விளைந்ததை நாங்கள் உண்பதா?" என்று விடுதியில் உணவருந்தும்போது நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பயிர் மரபியல் பயிலும் மாணவன் என்ற முறையில் விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

செடிகள் யாவும் ஒன்றுபோல் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது? வேற்றுமை வேண்டும். அதைத் தரும் சடுதி மாற்றமோ இயற்கையில் மிக அரிது. இரசாயனப் பொருளால் அதைப் பெருக்கலாம் என்று சார்லட் அவர்பாக், ராப்சன் ஆகிய இருவரும் இரண்டாம் உலகப் போரின்போது எடின்பரோவில் கண்டனர். கடுகு வாயுவைப் பழ ஈக்களின்மீது செலுத்திக் கண்ட முடிவு அது, 1946இல் வெளியாயிற்று.

தானியப் பயிர்களில் இன்று பெரிதும் பயன்படுவது எத்தில் மீத்தேன் சல்போனேட். இது டி.என்.ஏ.யிலுள்ள குவானினைத் திரித்துவிடுகிறது. சைட்டோசினோடு சேர வேண்டிய குவானின் தைமினோடு சேர்கிறது. பிரதிகள் எடுக்கப்படும்போது அவ்விடத்தில் அடினின் அமர்ந்துவிடுகிறது. ஓரெழுத்து மாறிக் 'கடல்' 'மடல்' ஆவதுபோலத்தான்!

எந்த எழுத்து மாறும் என்பதை நாம் விதிக்க இயலாது. பெரும்பாலான மாற்றங்கள் பயனற்றவை, சில தீயவை. ஆகவே, விதைகளை நன்கு கழுவி விதைத்து, தன் மகரந்தச் சேர்க்கையால் வந்த இரண்டாம் தலைமுறையில் ஒவ்வொரு செடியாகத் தேடுகிறோம். மறைந்திருந்த மாற்றங்கள் அப்போதுதான் வெளிப்படும். நீரில் சிதைந்துவிடும் அந்த மருந்து அதற்குள் மறைந்துபோகும். எஞ்சுவது எழுத்து மாற்றமே. அபாயம் உண்பவர்க்கன்று, அதைக் கையாளும் எங்களுக்கே! புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்பதால் கையுறையின்றித் தொடுவதில்லை.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 'நகினா 22' நெல்லுக்கு இம்முறையில் மாற்றம் உண்டாக்கினர். இமாசெதாபிர் என்னும் களைக்கொல்லி தெளித்தும் பிழைத்து நின்ற செடியே 'ராபின்'. காரணம், ஒரு நொதியின் மரபணுவில் குவானின் இருந்த ஓரிடத்தில் அடினின் வந்தமைதான். தில்லிப் பூசா நிலையத்தார் அக்குணத்தைப் பாஸ்மதியில் சேர்த்து, 2021இல் பூசா பாஸ்மதி 1979, 1985 என்னும் இரு இரகங்களை அளித்தனர்.

இதனால் பயன் என்ன? நாற்று நடவுக்கு நீரும் ஆளும் மிகுதியாக வேண்டும். நேரடியாக விதைத்தால் அவை மிச்சம். ஆனால் களை மண்டும். இவ்விரகங்களில் மருந்து தெளித்தால் களை மடியும், நெல் நிற்கும்.

எனினும் எச்சரிக்கை தேவை. ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால் களைகளும் அதைத் தாங்கப் பழகிவிடும். மகரந்தத்தின் வழியே இக்குணம் களை நெல்லுக்கும் செல்லக்கூடும். பயிரையும் மருந்தையும் மாற்றி மாற்றிக் கையாள்வதே அறிவுடைமை.

மருந்து மாற்றத்தைத் தருமேயன்றி நன்மையைத் தராது. நன்மையைத் தேர்வது மனிதனின் பொறுமை. அதைக் காப்பது அவனுடைய பொறுப்பு. நண்பருக்கு என் விடை இதுவே.