வலிக்காத ஈறும் கரையும் எலும்பும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,

திமிரி சுற்றுவட்டாரக் கிராமங்களில் பல் பரிசோதனை செய்யும்போது நாங்கள் அடிக்கடி கேட்பது, "பல்லு ஆடுது, ஆனா வலி ஒண்ணும் இல்லீங்க" என்பதே. அந்த வலியின்மையே இந்நோயின் ஆபத்து.

பல்லும் ஈறும் சேருமிடத்தில் படியும் அழுக்கில் கிருமிகள் பெருகுகின்றன. அவற்றை எதிர்க்க உடல் எழுப்பும் அழற்சி நீடித்தால், எலும்பை அரிக்கும் செல்கள் மேலோங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் கரைகிறது.

இதில் நரம்புக்கும் பங்குண்டு. ஈறுகளில் உள்ள நரம்பு முனைகள் மூளைக்குச் செய்தி அனுப்புவதோடு நிற்பதில்லை. இருக்கும் இடத்திலேயே சில இரசாயனங்களையும் சுரக்கின்றன. அவற்றுள் 'சப்ஸ்டன்ஸ் பி' அழற்சியைத் தூண்டும். 'சி.ஜி.ஆர்.பி.' என்பதோ எலும்பை அரிக்கும் செல்களை அடக்கி, கட்டும் செல்களுக்கு உதவும். நரம்பு வெறும் காவற்காரன் அல்ல. வீட்டைப் பழுதுபார்க்கவும் கைகொடுக்கிறது.

காவற்காரன் மௌனமானால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டியது நம் வேலூர். கொல்லிமலையில் 1914-ல் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்வற்றுப் போனதால் காயமும் தீப்புண்ணும் தெரியாமல் முற்றி, எலும்பும் குறைகிறது என்று விளக்கினார். வலியை தேவன் தந்த ஈவாகவே அவர் கண்டார்.

ஈறு நோயில் நரம்பு சாவதில்லை. ஆனாலும் நோய் மெதுவாக நகர்வதால் பெரும்பாலும் வலி எழுவதில்லை. ஆகவே வேறு அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்: பல் துலக்கும்போது இரத்தம், வாய் நாற்றம், கீழிறங்கும் ஈறு. பீடி, சிகரெட் பிடிப்போருக்கு இரத்தக் கசிவுகூட மறைந்துவிடும். சர்க்கரை நோய் ஈறு நோயை வளர்க்கும். ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்கும்.

கரைந்த எலும்பு முழுவதும் திரும்புவது அரிது. ஆனால் காலத்தில் காறையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தினம் இருமுறை பல் துலக்கினால், மீந்த எலும்பைக் காக்கலாம்.

ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் விடியற்காலையில் பஸ் ஏறும் நம் சகோதரிகள், வலிக்காத பல்லுக்காக ஒருநாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ஆகையால் நாங்களே அவர்களைத் தேடிப் போகிறோம். நீங்கள் அனுப்பும் காணிக்கை அந்தப் பயணத்தைத் தாங்குகிறது. இந்த ஊழியத்தை உங்கள் ஜெபங்களில் நினைத்தருளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.