ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல

விழுப்புரமோ திண்டிவனமோ, எந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையிலும் இந்தப் பேச்சு காதில் விழும்: “அண்ணே, புது போர்டு மாத்தினேன். ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல.” சென்னை எழும்பூருக்கு ரயிலேறி, ரிச்சி தெருவில் கடை கடையாக விலை கேட்டு, மதர்போர்டும் பிராசஸரும் ரேமும் வாங்கிவந்து, பழைய கேபினட்டிலேயே மாட்டி பட்டனை அழுத்தினால் திரை கறுப்பாகவே நிற்கிறது. போட்ட காசெல்லாம் போச்சோ என்று வந்தவருக்கு வயிற்றைக் கலக்குகிறது. கடைக்காரர் நிதானமாகக் கேட்கிறார்: “எட்டு பின் கேபிள் சொருகினியா தம்பி?”

அந்தக் கேள்வி அனுபவத்திலிருந்து வருவது. அதற்குள் பெரிய அறிவியலும் இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் எழுந்துவிடுவதில்லை. படிப்படியாக எழுகிறது, ஒரு படி முடிந்தது உறுதியானால்தான் அடுத்தது தொடங்கும். எந்தப் படியில் நின்றுபோனது என்று கண்டுபிடித்துவிட்டால் கோளாறு பாதி பிடிபட்ட மாதிரி.

முதல் படி, நாம் பட்டனைத் தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிளக்கில் மின்சாரம் வந்ததுமே, கேபினட்டுக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி ஒரு கம்பி வழியாக 5 வோல்ட்டை போர்டுக்கு அனுப்புகிறது. நிறுத்திவைத்திருப்பதாக நாம் நினைக்கும் கம்ப்யூட்டர், பட்டன் எப்போது அழுத்தப்படும் என்று அந்தச் சிறு மின்சாரத்தில் காத்திருக்கிறது. கேபினட்டில் இருக்கும் பட்டன் மின்சாரத்தைத் திறந்துவிடுவதும் இல்லை. போர்டில் உள்ள இரண்டு ஊசிகளைக் கணநேரம் இணைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அதை உணர்ந்த போர்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை ஒயரை பூஜ்ஜிய வோல்ட்டுக்கு இறக்குகிறது. உடனே எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தயாரிக்கத் தொடங்குகிறது. அவை ஆடாமல் நிலைத்த பிறகு, 100 முதல் 500 மில்லி நொடி பொறுத்து, ‘பவர் குட்’ என்ற சமிக்ஞையைத் தனி ஒயரில் அனுப்புகிறது. அதுவரை பிராசஸர் ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றாது. விழுப்புரம் ரயில் சந்திப்பில் ஐந்து திசைக்குப் பாதை பிரிகிறது. பாயின்ட் சரியாகப் பூட்டிக்கொண்டது உறுதியாகாமல் எந்த வண்டிக்கும் பச்சை விழாது. இங்கேயும் அதே ஒழுங்குதான். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறை இன்றைய மேசைக் கணினிகளிலும் இப்படித்தான் நடக்கிறது.

இப்போது எட்டு பின் கேபிளுக்கு வருவோம். இன்றைய பிராசஸரின் உட்கரு ஏறக்குறைய 1 வோல்ட்டில் ஓடுகிறது. அது 100 வாட் சக்தியைக் கேட்டால், 1 வோல்ட்டில் 100 ஆம்பியர் பாய வேண்டும். சுவரிலிருந்து எடுப்பதோ 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் அளவுதான். 12 வோல்ட்டை வாங்கி, ஒரு நொடியில் லட்சக்கணக்கான முறை திறந்து மூடி, அதை 1 வோல்ட்டாக மாற்றும் பகுதி போர்டில் பிராசஸரை ஒட்டியே வரிசையாக அமைந்திருக்கிறது. அந்தப் பகுதிக்கென்று தனியாக வரும் 12 வோல்ட் கேபிளைத்தான் கடைக்காரர் கேட்டார். பெரிய 24 பின் கேபிளை மட்டும் மாட்டினாலும் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். பிராசஸருக்கு மட்டும் சோறு கிடைக்காது. ஃபேன் சுற்றுவதை வைத்து போர்டு நலம் என்று முடிவு கட்டக் கூடாது.

மின்சாரம் சரியாகக் கிடைத்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். பிராசஸர் தன் முதல் கட்டளையை எங்கே தேடும்? ரேமில் ஒன்றும் இல்லை. டிஸ்க் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அதன் சிலிக்கானிலேயே ஒரு முகவரி பதிந்திருக்கிறது: 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் முன்னால். 1978-ல் வந்த 8086 சிப்பில் அந்த இடம் 1 எம்பி எல்லைக்கு 16 பைட் முன்னால் இருந்தது. எல்லை தள்ளிப்போனது, 16 பைட் மாறவில்லை. போர்டில் இருக்கும் எட்டுக் கால் சிப்பின் உள்ளடக்கம் அந்த முகவரியில் வந்து நிற்கிறது. நாம் பயோஸ் என்று சொல்லும் நிரல் அதில்தான் குடியிருக்கிறது. ரேம் இன்னும் தயாராகாததால், இன்டெல் கணினிகளில் அந்த நிரல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கேஷ் நினைவகத்தைத் தற்காலிக ரேமாக வைத்துக்கொண்டு ஓடுகிறது. எனக்கு இதை எத்தனை முறை யோசித்தாலும் அலுப்பதில்லை.

அடுத்து ரேம். மதர்போர்டு மாற்றியவர்கள் அதிகம் பயந்துபோவது இந்தப் படியில்தான், அதுவும் பெரும்பாலும் வீணாக. டிடிஆர்5-4800 ரேமில் ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 480 கோடி முறை தகவல் மாறுகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நானோ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போகும். போர்டின் செம்புத் தடத்தில் மின் சமிக்ஞை ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். ஆகவே ஒரு தடம் இன்னொன்றைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பிட் வந்துசேரும் நேரம் பிசகிவிடும். பயோஸ் சும்மா இருப்பதில்லை. தெரிந்த தகவலை எழுதி, திரும்பப் படித்து, நேரத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடைவெளியில் தவறில்லாமல் வருகிறது என்று கம்பி கம்பியாக அளக்கிறது. இதை மெமரி டிரெய்னிங் என்கிறார்கள். புது போர்டில் புது ரேமோடு முதல் முறை இது சில நிமிடங்கள்கூடப் பிடிக்கும். திரை அப்போது கறுப்பாகத்தான் இருக்கும். பொறுமையிழந்து பட்டனை அழுத்தி நிறுத்தினால், அடுத்த முறை எல்லாம் முதலிலிருந்து. டிடிஆர்5 போர்டு மாற்றியவருக்கு நான் சொல்லும் முதல் யோசனை: மானிட்டரை ஆன் செய்துவிட்டு, பத்து நிமிடம் அதைத் தொடாதீர்கள்.

அதற்குப் பிறகும் நின்றால், ரேமைக் கழற்றி அதன் தங்க முலாம் பூசிய பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டும் பழக்கம் நம் ஊர்க் கடைகள் எல்லாவற்றிலும் உண்டு. பற்களில் படிந்த அழுக்கு நீங்கி இணைப்பு சரியாகிவிடும். பாதி அமர்ந்திருந்த ரேம் சரியாக அமர்வதாலும் பல நேரம் உயிர் வந்துவிடுகிறது. ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர்டும் தன்னால் முடிந்தவரை பேசுகிறது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசி எல்லாம் நலம் என்றால் ஒரு முறை ‘பீப்’ என்று குரல் கொடுக்கும். இப்போது பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. நின்ற படியின் விளக்கு அணையாமல் எரியும். விஜிஏ விளக்கு எரிந்தால் பிராசஸரின் பெயரைப் பாருங்கள். 12400எஃப் என்பதுபோல இன்டெல் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. அதற்கென்று தனி கார்டு இல்லாமல், போர்டின் எச்டிஎம்ஐயில் ஒயரை மாட்டிக் காலமெல்லாம் காத்திருந்தாலும் படம் வராது. விலை குறைவு என்று எஃப் ரகத்தை வாங்கியவர்கள் பலர் இதில் சிக்குகிறார்கள்.

சிபியு விளக்கு எரிந்தால் கோளாறு இன்னும் நுட்பமாக இருக்கலாம். பிராசஸர் சாக்கெட்டில் பொருந்தும், ஆனால் பயோஸ் அது பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கும். பயோஸைப் புதுப்பித்தால் தீரும். ஆனால் புதுப்பிக்க ஓடும் பிராசஸர் வேண்டுமே! 2018-ல் ஏஎம்டி நிறுவனம் ரைசன் 2200ஜி, 2400ஜி வெளியிட்டபோது உலகம் முழுக்க இதே சிக்கல். கடைசியில் அந்த நிறுவனமே ஏ6-9500 என்ற பழைய பிராசஸரை வாடிக்கையாளருக்கு இரவல் அனுப்பி, பயோஸைப் புதுப்பித்தபின் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்று பல போர்டுகளில் பிராசஸரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயோஸை ஏற்றும் வசதி வந்துவிட்டது. வாங்கும்போதே அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

தொட முடியாத தூரத்தில் ஒரு கம்ப்யூட்டர் எழாமல் போனால்? விழுப்புரத்துக்காரர் பி. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கியது. ஒரு நிலவுப் பகலுக்காக, அதாவது பூமிக் கணக்கில் சுமார் 14 நாளுக்காக, வடிவமைத்த கலம் அது. செப்டம்பர் தொடக்கத்தில் ரோவரையும் லேண்டரையும் உறங்க வைத்தார்கள். ரிசீவரை மட்டும் இயக்கத்தில் விட்டார்கள். இரவில் அங்கே குளிர் மைனஸ் 200 டிகிரியை நெருங்கும். செப்டம்பர் 22-ல் மீண்டும் கூப்பிட்டுப் பார்த்தபோது பதில் இல்லை. அதற்கு முன்பே அவை தம் வேலையை முழுக்க முடித்திருந்தன. ஒரு சிப் முதல்முறை எழுந்தாலே கொண்டாடும் இடமும் உண்டு: 2025 பிப்ரவரியில், இஸ்ரோவும் சென்னை ஐஐடியும் உருவாக்கிய ‘ஐரிஸ்’ சிப் ஐஐடியில் வெற்றிகரமாக பூட் ஆனது. ‘சக்தி’ என்ற பிராசஸர் குடும்பத்துச் சிப் அது, சண்டிகரில் தயாரானது. அதற்கான மதர்போர்டை அசெம்பிள் செய்தது சென்னையில்.

மேசைமேல் இருக்கும் நம் கம்ப்யூட்டரையோ கையால் தொடலாம். மெக்கானிக்குகள் செய்வது இதுதான்: போர்டை கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின்மேல் வைக்கிறார்கள். கூலரோடு பிராசஸர், ஒரே ஒரு ரேம், இரண்டு மின் கேபிள், அவ்வளவுதான். பவர் பட்டனுக்கான இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டு இயக்குகிறார்கள். இங்கே எழுந்து கேபினட்டுக்குள் எழாவிட்டால், பழைய போர்டுக்காக முறுக்கிய பித்தளைத் தாங்கி ஏதோ ஒன்று புது போர்டின் அடியில் முட்டி ஷார்ட் ஆக்கிக்கொண்டிருக்கலாம். வெளியேயும் எழாவிட்டால், எஸ்எம்பிஎஸ்ஸை முழுக்கத் துண்டித்துவிட்டு பிராசஸரைத் தூக்கி, சாக்கெட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 1,700 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் அந்த வரிசையில் ஒளி மாறித் தெரியும்.

டிஸ்ப்ளே வந்து, விண்டோஸ் மட்டும் வராமல் நின்றால் பெரும்பாலும் போர்டில் குறையில்லை. பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்து, புது போர்டு யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையை மட்டும் ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் பூட்டு பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியோடு பிணைந்திருக்கும். புது போர்டு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பல நேரம் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பழைய போர்டைக் கழற்றுவதற்கு முன்பே அதை எடுத்து ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள்.