ஊருக்கொரு திண்ணை

2018 பெப்ரவரி 26 இரவு, உணவில் கருத்தடை மருந்து கலந்ததாக எழுந்த வீண்பழியால், அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கடைக்காரர் சிங்களத்தில் தடுமாறிய காட்சி முகநூலிற் பரவிற்று. இருந்தது மாவுக்கட்டியே எனப் பின்னர் பகுப்பாய்வு காட்டியது. முகநூல் நிறுவனம் வருந்தியதோ 2020இல்!

கல்முனைக் கரையோரத்தார்க்கு இது பாடமன்றோ? 2016இல் தோன்றிய மஸ்டொடொன் வேறு வழி காட்டுகிறது. அங்கே தனி முதலாளி இல்லை. ஒரு கழகம் தனக்கெனச் சேவையகம் அமைத்து, ஊரும் மொழியும் அறிந்த கண்காணிப்பாளரை அமர்த்தலாம். பிற சேவையகத்தாருடன் உரையாடலாம். நஞ்சு கக்குவதன் தொடர்பை அறுக்கலாம். செலவும் பொறுப்பும் நம்முடையவை. சேருமுன் விதிகளை வாசித்து, நடத்துவோரையும் அறிதல் நன்று. நம் ஆசிரியர்களும் மாணவர்களும் இதற்கு முன்வருவார்களாக.