கட்டடங்கள் சரியும், நாம் சிரிப்போம்!

வெள்ளவத்தைச் சவோய்ப் படமாளிகையில் குடும்பத்தோடு அமர்ந்து இராட்சத விலங்குப் படமொன்றைப் பார்ப்பது நமக்குத் தனி இன்பம். மாடமாளிகைகள் தீப்பெட்டிகளாய் நொறுங்கும். சேனை முழுவதும் சுட்டாலும் மிருகத்துக்கு ஒரு கீறலும் விழாது! 'இப்படியும் நடக்குமா?' என்று பெரியவர்கள் நகைக்க, சிறுவர்கள் ஆசனத்தின் நுனிக்கு வந்துவிடுவர்.

இவ்வினத்தின் தலைவன் யப்பானின் 'கொட்சிலா'. 1954இல் இஷிரோ ஹொண்டா இயக்கிய முதற்படத்தில், கனத்த உடைக்குள் வியர்த்து நடந்தவர்களுள் ஒருவர் ஹருவோ நக்கஜிமா என்ற நடிகர். பிசின் பூசிய தோற்கையுறையால் பெருவயலின் தந்தியைத் தேய்த்தெழுப்பிய ஓசையே அதன் உறுமல்!

ஆயினும், கதையில் அப்பூதத்தைக் கடலடியிலிருந்து எழுப்பியது ஐதரசன் குண்டுப் பரிசோதனை. ஹிரோஷிமா எரிந்து ஒன்பதே ஆண்டுகளில், யப்பானியர் தம் அச்சத்துக்கு வாலும் பல்லும் வைத்துத் திரையில் உலவவிட்டனர்.

1983 யூலையில் மெய்யான தீயைக் கண்டது நமது வெள்ளவத்தை. அதே ஊரில் இன்று பொம்மை நகரம் எரிவதைக் கண்டு நம் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். அச்சிரிப்பை அற்பமென்று நாம் எண்ணோம். விளக்குகள் எரிந்ததும், பிள்ளையின் கைபிடித்து, இடியாத வீட்டுக்குத் திரும்புகிறோமே, அதுவல்லவா பேரின்பம்!