ஜனங்களின் நம்பிக்கையும் ஸர்க்காரின் கணக்கும்

வியாபாரம் மந்தமடையும் போதெல்லாம் நம் தேசத்தில் ஒரு பேச்சுக் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. வாங்குவோருக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்பதே அப்பேச்சு. மந்திரிகள் சொல்கிறார்கள், ஆலை முதலாளிகள் சொல்கிறார்கள், பங்கு மார்க்கெட்டின் போக்கை விளக்கப் புகும் நிபுணர்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். நோய் ஜனங்களின் மனத்தில் இருக்கிறது, நாலு உற்சாக வார்த்தை சொன்னால் அது தெளிந்துவிடும் என்னும் பொருள் இதில் தொனிக்கிறது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரி என்று ஆராய்வதற்கு 2019-ஆம் வருஷத்தைப் போல் உதவக்கூடிய வருஷம் வேறில்லை. அவ்வருஷத்தில் கொள்ளை நோய் இந்தியாவிற்குள் புகவில்லை, பெரும் யுத்தமில்லை, பஞ்சமுமில்லை. இருந்தும் ஜனங்கள் கையை மூடிக்கொண்டார்கள். ஏன் மூடிக்கொண்டார்கள் என்பதே கேள்வி.

நம்பிக்கையை அளப்பதும் உண்டோ என்று சிலர் சிரிக்கக் கூடும். அளக்கிறார்கள். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜார்ஜ் கடோனா என்ற மனோதத்துவ அறிஞர், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த தறுவாயில் மிச்சிகன் ஸர்வகலாசாலையில் இவ்வேலையைத் தொடங்கினார். யுத்தம் முடிந்ததும் பெரு மந்தம் திரும்பும் என்று பொருளாதார நிபுணர்களில் பலர் அஞ்சியிருக்க, அவர் குடும்பங்களிடம் நேரே கேட்டுப் பார்த்து, ஜனங்கள் செலவு செய்யவே காத்திருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதே பலித்தது. நம் ரிஸர்வ் பாங்கியும் இத்தகைய விசாரணையை நடத்தி வருகிறது. 2019-இல் சென்னை உள்பட 13 நகரங்களில், ஒவ்வொரு தடவையும் ஐயாயிரத்துச் சொச்சம் குடும்பங்களை அணுகிக் கேட்டார்கள். தேசத்தின் பொதுப் பொருளாதார நிலை எப்படி, வேலைவாய்ப்பு எப்படி, விலைவாசி எப்படி, உங்கள் வருமானம் எப்படி, செலவு எப்படி என்பவை கேள்விகள். ஓராண்டுக்கு முன் இருந்ததை விட நலம் என்போரின் வீதத்திலிருந்து கெட்டது என்போரின் வீதத்தைக் கழித்து, ஐந்திற்கும் சராசரி கண்டு, அதனுடன் நூறைக் கூட்டுவார்கள். ஆகவே நூறுக்கு மேலிருந்தால் திருப்தி கொண்டோர் அதிகம். கீழேயிருந்தால் முறையிடுவோர் அதிகம். பட்டணவாசிகளை மட்டுமே அன்று கேட்டார்கள் என்பதையும், கிராமத்துக் குடியானவனின் வாசலை அவர்கள் மிதிக்கவில்லை என்பதையும் நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

2019 மார்ச்சில் அக்குறியெண் 104.6 ஆக இருந்தது. மே மாதத்தில் 97.3, ஜூலையில் 95.7, செப்டம்பரில் 89.4, நவம்பரில் 85.7. எட்டே மாதத்தில் திருப்தி முறையீடாக மாறிவிட்டது. செப்டம்பர் விசாரணையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேலைவாய்ப்புச் சீர்கெட்டுவிட்டது என்றார்கள்.

சொன்னபடியே அவர்கள் நடந்தும் கொண்டார்கள். அவ்வருஷம் ஆகஸ்டில் மோட்டார் கார் விற்பனை முந்திய ஆகஸ்டைக் காட்டிலும் நூற்றுக்கு 31.57 வீதம் வீழ்ந்தது. எண்ணூரிலும் பாடியிலும் ஒசூரிலும் வண்டிகளையும் அவற்றின் உறுப்புகளையும் செய்யும் தொழிற்சாலைகள் வேலையில்லா நாட்களை அறிவித்தன. மோட்டார் போகட்டும், அது வசதியுள்ளோர் விவகாரம் என்று தள்ளலாம். ஐந்து ரூபாய் பிஸ்கோத்துப் பொட்டலத்தின் விற்பனையும் குன்றிவிட்டதென்று அதைச் செய்யும் பெருங் கம்பெனி ஒன்றின் அதிகாரி பகிரங்கமாகப் பேசினார். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் தேசத்தின் உற்பத்தி வளர்ச்சி நூற்றுக்கு 5 என்றும், குடும்பச் செலவின் வளர்ச்சி 3.1 மட்டுமே என்றும் ஸர்க்கார் கணக்கே அப்பொழுது கூறிற்று. தேச வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு குடும்பங்களின் செலவாயிருக்கும் பொழுது, அது தளர்ந்தால் மற்றவையெல்லாம் தளரும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இதற்குப் பொறுப்பிலுள்ளோர் சொன்ன ஸமாதானங்கள் விசித்திரமானவை. நிதி மந்திரி ஸ்ரீமதி நிர்மலா சீதாராமன் அவ்வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி நம் சென்னையிலேயே பேசுகையில், இக்காலத்து இளைஞர்கள் மாதத் தவணை கட்டிக் கார் வாங்குவதை விட ஓலா, ஊபர் வாடகை வண்டியிலும் மெட்ரோ ரயிலிலும் போவதையே விரும்புகிறார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டினார். புகை கட்டுப்பாட்டுக்கான புது விதிகளையும் அவர் குறிப்பிட்டார். அது நியாயமான காரணமே. 2020 ஏப்ரலில் புது ரக வண்டி வரப் போகிறதென்று தெரிந்தவர் பழையதை வாங்கத் தயங்குவது இயல்பு. ஆனால் வாடகை வண்டிக் காரணம் நிற்குமா? அதே ஆகஸ்டில் இரு சக்கர வண்டிகளின் விற்பனை நூற்றுக்கு 22.24 வீதம் குறைந்தது. லாரி முதலிய வியாபார வண்டிகளின் விற்பனை 38 வீதத்துக்கு மேல் குறைந்தது. அரிசி மூட்டையை ஊபரில் ஏற்றி அனுப்பும் வியாபாரி எவரையும் நாம் கண்டதில்லை. அடுத்த மாதம் மற்றொரு மத்திய மந்திரியான ஸ்ரீ ரவிசங்கர் பிரசாத், மூன்று சினிமாப் படங்கள் ஒரே விடுமுறை நாளில் 120 கோடி ரூபாய் வசூலித்தனவே, தேசம் சௌக்கியமாக இல்லாமலா இது நடக்கும் என்று பம்பாயில் கேட்டார். மறுநாள் அதை அவரே வாபஸ் பெற்றுக்கொண்டார் என்பதால் அதை நாம் மேலும் துருவவில்லை.

மாதத் தவணைக்கு அஞ்சும் இளைஞனை நாம் குறை கூற மாட்டோம். மூன்று வருஷத்துக்கு, ஐந்து வருஷத்துக்கு மாதந்தோறும் இன்ன தொகை தருவேன் என்று கையெழுத்திடுகிறவன், அத்தனை காலமும் தனக்கு வேலை இருக்கும் என்று நம்ப வேண்டும். அவனுடைய தயக்கம் அவன் வேலையைப் பற்றி அவன் அறிந்த உண்மை. அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு, தேசத்தில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பில் நூற்றுக்கு 86 வீதம் செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. கூலியை ரொக்கமாகக் கொடுத்துக் கைமாற்றிலேயே காலந்தள்ளிய சிறு தொழில்கள் அன்று பட்ட அடியிலிருந்து எழுமுன், 2017 ஜூலையில் புது வரித் திட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற பெரும் கடன் ஸ்தாபனம் தவணை தவறவே, வண்டிக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் கடன் கொடுத்து வந்த பாங்கி அல்லாத கம்பெனிகளுக்குப் பணம் கிடைப்பது அரிதாயிற்று. 2017-18-இல் வேலையின்மை நூற்றுக்கு 6.1 என்று ஸர்க்காரின் விசாரணையே கண்டது. ஒவ்வொன்றும் தனித்தனியே தாங்கக் கூடியதாயிருக்கலாம். ஒன்றன் மேல் ஒன்றாக வந்தபொழுது, சிறு முதல் வைத்திருப்பவன் அடுத்தது என்ன வருமோ என்று இருப்பதைப் பத்திரப்படுத்தவே நினைப்பான்.

அப்படிப் பத்திரப்படுத்தியவனுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பர் கடைசியில், பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட பஞ்சாப் மகாராஷ்டிர கூட்டுறவு பாங்கியின் விவகாரங்களை ரிஸர்வ் பாங்கி தன் கட்டுப்பாட்டில் கொண்டு வந்தது. கட்டிட வியாபாரம் செய்த ஒரே கூட்டத்துக்கு அது அளவு கடந்து கடன் கொடுத்து, அதைக் கணக்கில் மறைத்திருந்தது. பணம் போட்டவர்கள் ஆறு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்பது முதல் உத்தரவு. ஆயிரம் ரூபாய்! ஆயுள் முழுவதும் சேர்த்ததை அங்கே வைத்திருந்த கிழவர்களும், மகளின் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்த தகப்பன்மாரும் பாங்கி வாசலில் நின்றார்கள். வரம்பு பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டது. 2022 ஜனவரியில் அந்தப் பாங்கி வேறொரு பாங்கியுடன் சேர்க்கப்பட்ட பொழுதும், பெருந்தொகை போட்டவர்கள் முழுப் பணத்தையும் பெறப் பத்து வருஷம் வரை காத்திருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி மூழ்கிய கதையைப் பாட்டனாரிடம் கேட்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இது புதிதாக இராது. டிபாஸிட்டுக்குரிய இன்ஷ்யூரன்ஸ் 1993 முதல் ஒரு லட்ச ரூபாயாகவே இருந்தது; இக்கலவரத்துக்குப் பின் 2020 பிப்ரவரியில்தான் அதை ஐந்து லட்சமாக்கினார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிக்கனமாயிரு, வரவுக்கு மீறிச் செலவு செய்யாதே என்று தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுப் பெண்கள் கற்றும் கற்பித்தும் வந்திருக்கிறார்கள். அரிசிப் பானையில் ஒரு பிடி எடுத்து வைக்கும் அத்தாய்மார்களே இப்பொழுது தேசத்தின் வளர்ச்சியைத் தடுப்பவர்கள் போலப் பேசப்படுகிறார்கள். எல்லோரும் ஒரே காலத்தில் சிக்கனம் பிடித்தால் ஒருவன் மிச்சம் பிடித்தது மற்றவனுடைய கூலியாகவே இருக்கும் என்பது ஆங்கிலப் பொருளாதார அறிஞர் கீன்ஸ் விளக்கிய உண்மைதான்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்முடிச்சை அவிழ்ப்பது ஸர்க்காரின் கடமையேயன்றி ஏழைக் குடும்பத்தின் கடமையன்று. தனி மனிதன் பயந்திருக்கும் காலத்தில் பயப்படாமல் செலவு செய்யக் கூடியது ராஜ்யம் ஒன்றே.

ராஜ்யம் என்ன செய்தது? ரிஸர்வ் பாங்கி அவ்வருஷம் பிப்ரவரி முதல் அக்டோபருக்குள் ஐந்து தடவை வட்டியைக் குறைத்து, 6.50 இலிருந்து 5.15 க்குக் கொண்டு வந்தது. வட்டி குறைந்ததென்பதற்காக வேலையைப் பற்றி அஞ்சுகிறவன் கடன் வாங்க ஓடி வரவில்லை. செப்டம்பர் 20-ஆம் தேதி கம்பெனிகளின் வருமான வரி 30 வீதத்திலிருந்து 22 வீதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் பொக்கிஷத்துக்கு வருஷத்தில் 1,45,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று ஸர்க்காரே மதிப்பிட்டது. பங்கு மார்க்கெட் அன்று குதூகலித்தது. ஆனால் வாங்க ஆளில்லாமல் சரக்குத் தேங்கிக் கிடக்கும் கடைக்காரனுக்கு வரியைக் குறைத்தால் அவன் என்ன செய்வான்? பழைய கடனை அடைப்பான்; மிச்சத்தைப் பெட்டியில் வைப்பான்; மேலும் சரக்குப் பிடிக்க மாட்டான். அதே தொகையில் ஒரு பகுதியைக் கிராம வேலைத் திட்டத்துக்கும் உழைப்பாளிகளின் கைக்கும் சேரும்படி செய்திருந்தால், செப்டம்பரில் 89.4 ஆயிருந்த குறியெண் நவம்பரில் 85.7 ஆக இறங்கியிராது என்பது நமது அபிப்பிராயம்.

இவை எல்லாவற்றிலும் கவலைக்குரியதென்று நாம் கருதுவது ஒன்று உண்டு. வேலையின்மைக் கணக்கு 2019 தொடக்கத்திலேயே தயாராயிருந்தும் வெளியிடப்படவில்லை. அந்நிலையில் தேசியப் புள்ளிவிவரக் கமிஷனின் அங்கத்தினர் இருவர் ராஜிநாமாச் செய்தார்கள். தேர்தல் முடிந்து மே 31-ஆம் தேதியே அது வெளிவந்தது. குடும்பங்களின் நுகர்ச்சிச் செலவைப் பற்றிய 2017-18-ஆம் வருஷத்து விசாரணையின் கதி இதனினும் மோசம். தலைக்கு மாதச் செலவு 2011-12-இல் 1,501 ரூபாயாயிருந்தது, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் 1,446 ரூபாயாகக் குறைந்துவிட்டதென அவ்வறிக்கை கூறுவதாக ஒரு பத்திரிகை நவம்பரில் பிரசுரித்தது. அதே நவம்பர் 15-ஆம் தேதி, விவரங்களின் தரம் சரியில்லை, ஆகவே வெளியிடுவதில்லை என்று ஸர்க்கார் அறிவித்தது. தரம் சரியில்லாமல் இருந்திருக்கலாம். குறை இன்னதென்ற குறிப்பையும் சேர்த்து அறிக்கையை ஜனங்களின் முன் வைத்திருந்தால் அறிஞர்கள் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். மூடி வைத்ததால் நேர்ந்தது என்ன? தன் வீட்டுச் செலவு குறைந்ததை ஒவ்வொரு குடும்பஸ்தனும் அறிவான்; தேசம் முழுவதும் அப்படித்தானோ என்ற சந்தேகத்தை ஸர்க்காரின் மௌனமே அவனுக்கு ஊர்ஜிதம் செய்துவிட்டது.

பின்னர் கொள்ளை நோய் வந்து எல்லாக் கணக்கையும் அடித்துக்கொண்டு போயிற்று. 2021 மே மாதத்தில் குறியெண் 48.5 வரை தாழ்ந்தது. அதிலிருந்து மெல்ல ஏறி, 2024 மார்ச்சில் 98.5 ஐ எட்டி, மறுபடியும் சற்றுத் தணிந்தது; நூறை மட்டும் தாண்டவில்லை. இடையே 2022-23-இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு தேச வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து வீதத்தை ஒட்டிக் குறைந்தது. சில பத்தாண்டுகளில் கண்டிராத தாழ்வு அது. 2025-இல் ஸர்க்கார் பன்னிரண்டு லட்சம் வரை வருமானமுள்ளோருக்கு வரியை நீக்கிற்று. செப்டம்பர் 22 முதல் பல சாமான்களின் விற்பனை வரியையும் குறைத்தது. வாங்குவோர் பக்கம் திரும்பிய இந்நடவடிக்கையை நாம் வரவேற்கிறோம். ஆறு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது இது. வருமான வரி கட்டும் அளவு சம்பாதிக்காத பெரும்பான்மையோருக்கு முதல் சலுகையால் ஒரு காசும் இல்லையென்பதையும் மறைக்க முடியாது.

நுகர்ச்சிச் செலவு விசாரணை 2022-23-இல் மறுபடி நடந்து, 2024 பிப்ரவரியில் அதன் சுருக்கம் வெளிவந்தது. ஆனால் விசாரிக்கும் முறைகள் மாறிவிட்டன. 2011-12-ஆம் வருஷத்துடன் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் கவனம் வேண்டுமென்று ஸர்க்காரே எச்சரித்தது. இடைப்பட்ட பதினொரு வருஷத்தில், நோட்டுகள் செல்லாமற் போன பின் ஏழைகளின் உலையில் எவ்வளவு அரிசி வெந்தது என்பதற்கு ஸர்க்கார் முத்திரையிட்ட கணக்கு ஒன்றும் ஜனங்களின் கைக்கு வரவில்லை. இதற்கிடையில் ரிஸர்வ் பாங்கியின் விசாரணையில் மற்றொரு கேள்வியும் உண்டு. அடுத்த வருஷம் எப்படியிருக்கும் என்பது அது. 89.4 என்று நிகழ்காலத்தைப் பழித்த 2019 செப்டம்பரில் கூட அக்கேள்விக்குரிய குறியெண் 118.0 ஆக இருந்தது.