பார்வையற்றோருக்காக வாசிப்பவர்கள் பயப்பட வேண்டுமா?

பார்வையற்ற மாணவருக்குப் பாடநூலை வாசித்துப் பதிவு செய்து தர ஆள் வேண்டும் என்று கேட்டால், குரல் கொடுக்க முன்வருபவர்கள் நம்மிடம் நிறையப் பேர் உண்டு. இல்லத்தரசிகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலர் வருகிறார்கள். வேலை தொடங்கும் நேரத்தில் ஒரு தயக்கம் எட்டிப்பார்க்கும். “பதிப்பகத்துக்காரங்க காப்பிரைட்னு கேஸ் போட்டுட்டா என்னங்க பண்றது?” இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

பயப்படத் தேவையில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. எவையெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று சொல்லும் 52-ஆவது பிரிவில், மாற்றுத்திறனாளிகளுக்கான விலக்கு அப்போது சேர்க்கப்பட்டது. ஒரு நூலை அவர்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றலாம், படியெடுக்கலாம், அவர்களோடு பகிரலாம். சொந்த வாசிப்பு, கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்காக இதைத் தனிமனிதர் யாரும் செய்யலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமைப்புகளும் செய்யலாம். எழுத்தாளரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை, ராயல்டி கட்டவும் வேண்டாம். லாபம் மட்டும் கூடாது. ஆன செலவை வாங்கிக்கொள்ளலாம். அமைப்புகளுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பதிவு மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டோடு நிற்கிறதா, பொது விற்பனைக்குள் நுழையாமல் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தன்னார்வலர்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இதுதான். நல்லெண்ணத்தில் யாரோ ஒருவர் பதிவை யூடியூபில் ஏற்றுகிறார். ‘எல்லாரும் கேட்கட்டுமே’ என்ற எண்ணம்தான். ஆனால் ஊரே கேட்கும்படி பொதுவெளியில் வைத்தபின் இந்த விலக்கைக் காட்டித் தப்பிக்க முடியும் என்று நம்ப வேண்டாம். நூலை எழுதியவருக்கும் அது இழப்பு. பதிவுகள் உறுப்பினர்கள் யாரென்று தெரிந்த குழுவுக்குள்ளேயே இருக்கட்டும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ‘பார்வை மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் இதே சிக்கலுக்கு வானொலி வழியாக அழகான தீர்வு ஒன்றைக் கண்டார்கள். மினசோட்டா மாநிலத்தில் 1969 ஜனவரி 2 அன்று ‘ரேடியோ டாக்கிங் புக்’ தொடங்கியது. அன்றைய நாளிதழையும் புதுப் புத்தகங்களையும் தன்னார்வலர்கள் வாசித்தார்கள். ஓர் எஃப்எம் நிலையத்தின் துணை அலைவரிசையில் அது ஒலிபரப்பானது. சாதாரண ரேடியோவில் அந்த அலைவரிசை எடுக்காது. அதற்கென்றே செய்த தனி ரேடியோப் பெட்டியைப் பார்வையற்றோருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். கேட்பவர் யார் என்பது தெளிவாகத் தெரிந்ததால் பதிப்பாளர்களுக்கும் கவலை குறைவு. 1971-இல் கான்சஸ் மாநிலத்திலும் இப்படி ஒரு சேவை வந்தது. 1976-இல் அந்நாட்டின் பதிப்புரிமைச் சட்டமே இத்தகைய வாசிப்பு ஒலிபரப்புக்கு விலக்கு அளித்தது.

நம் ஊரில் அப்படியே செய்ய முடியாது. சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப விதிகள் இடம் தருவதில்லை. காலை நாளிதழைத் தலைப்பிலிருந்து வரிவிளம்பரம் வரை ஒருவர் வாசிக்க, பார்வையற்ற ஒருவர் வீட்டிலிருந்தபடி கேட்பது இன்னும் கைகூடவில்லை. ஏற்கெனவே அச்சாகி விற்கும் நாளிதழை இவர்களுக்காக வாசிக்க மட்டுமாவது அரசு தளர்வு தர வேண்டும். இதைக் கேட்பது நியாயம்.

ஆனால் இலக்கியத்துக்கு இந்தத் தடை இல்லை. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களை யாரும் எந்த வானொலியிலும் வாசிக்கலாம். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்களும் அப்படியே. புதுமைப்பித்தன் 1948-இலும் கல்கி 1954-இலும் மறைந்தவர்கள். உங்கள் கல்லூரியில் சமுதாய வானொலி இருந்தால் இவர்களிலிருந்தே தொடங்கலாம்.

கைபேசியே வாசிக்கும் காலத்தில் மனிதக் குரல் எதற்கு என்று கேட்கலாம். யூனிகோடில் இருக்கும் தமிழைக் கைபேசி வாசிக்கும். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பைக் கொடுத்தால் வெறும் உளறலாக வரும். ஸ்கேன் செய்த பக்கமோ அதற்கு வெறும் படம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் கையில் இருக்கும் குறிப்புகளில் இப்படிப்பட்டவை ஏராளம்.

வாசிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நூலின் பெயர், பதிப்பு ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். ‘பக்கம் நாற்பத்திரண்டு’ என்று சொல்லாமல் விட்டால், வகுப்பில் ஆசிரியர் அந்தப் பக்கத்தைக் குறிப்பிடும்போது அந்த மாணவர் திணறிப்போவார். அட்டவணை வந்தால் முதலில் பத்தித் தலைப்புகளைச் சொல்லிவிட்டு, பிறகு வரிசை வரிசையாக வாசியுங்கள். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். பலர் வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்பார்கள். பிடிக்காத கருத்து வந்தாலும் ஒரு வரியைக்கூட விடாதீர்கள், நடுவில் விளக்கமும் சொல்லாதீர்கள். எதைத் தள்ளுவது என்று முடிவு செய்ய வேண்டியவர் கேட்பவர்தான்.

வங்கிக் கடிதம், மருத்துவ அறிக்கை போன்றவற்றை நேரில் வாசித்துக் காட்டுபவருக்கு ரகசியம் காக்கும் கடமை உண்டு. பார்வையற்றவர்களும் ஒன்றை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்: ஓடிபியையும் ஏடிஎம் ரகசிய எண்ணையும் எவ்வளவு நெருங்கியவரிடமும் கொடுக்காதீர்கள். பார்வையில்லை என்று சொல்லி ஏடிஎம் அட்டையோ காசோலைப் புத்தகமோ மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சட்டம் குறிப்பிடும் அளவுக்குக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயதுவரை புத்தகங்களும் கற்றல் பொருள்களும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அச்சு, ஒலி, மின்னணு ஊடகங்களில் வருபவை அவர்களுக்கு எட்டும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். அதே ஆண்டில் மத்திய அரசு ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகத்தையும் தொடங்கியது. புதிதாகப் பதிவு செய்யுமுன் அந்த நூல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

அரசுப் பள்ளியோ கல்லூரியோ அரசு நூலகமோ கையை விரித்தால் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள்.  அப்படியும் தீரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். உரியவர்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. சட்டத்தை மீறியது நிரூபணமானால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

உங்கள் ஊர்க் கல்லூரியிலோ நூலகத்திலோ படிக்கும் பார்வையற்ற மாணவரிடம் இந்த வாரம் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் புத்தகம் இன்னும் கைக்கு வரவில்லை? அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்குங்கள்.