மழை விட்ட பிறகும் வெள்ளம் வரும்: ஏரிக்கரை வீடுகளைக் காப்பது எப்படி?

"மழை விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்று நிம்மதியாகப் படுக்கும் இரவில்கூட பழவேற்காடு ஏரிக்கரையில் வெள்ளம் வீட்டுக்குள் வரலாம். தோணிரேவு போன்ற ஊர்களில் வானத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

ஆரணி ஆறு இந்த ஏரியில்தான் கலக்கிறது. ஆந்திராவிலுள்ள பிச்சாட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால், இங்கே மழையே இல்லாவிட்டாலும் ஆற்றில் தண்ணீர் உயரும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தாலோ கடல் ஏற்றமாக இருந்தாலோ, அந்த நீர் வடிய வழியின்றி ஏரியிலேயே தேங்கும். புயல் வேறிடத்தில் கரை கடப்பதும் நமக்குப் பாதுகாப்பு அல்ல. 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் அதற்கு முந்தைய நாளே சென்னையும் சுற்றுவட்டாரமும் வெள்ளத்தில் மிதந்தன.

எனவே அணை திறப்பு அறிவிப்பு வந்ததுமே செய்ய வேண்டியவை:

* மணல் மூட்டையை முழுவதும் நிரப்பாதீர்கள். பாதிக்குச் சற்று மேல் போதும். அப்போதுதான் மூட்டைகள் இடைவெளியின்றிப் படியும். வாசலில் பிளாஸ்டிக் தாள் விரித்து, செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்குங்கள்.
* கழிவறைக் கோப்பை வழியாகவும் வெள்ளம் மேலேறும். அதன்மேல் ஒரு மணல் மூட்டையை வையுங்கள்.
* தண்ணீர் வருமுன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது.
* கேஸ் சிலிண்டரை மூடி, மிதந்து போகாதபடி கட்டி வையுங்கள்.
* ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, படகுப் பதிவுச் சான்று ஆகியவற்றை நீர் புகாத பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டைகள் தண்ணீரின் வேகத்தைக் குறைக்குமே தவிர, முழுமையாகத் தடுக்காது. வலையும் படகும் போய்விடுமே என்று வீட்டிலேயே தங்குவதுதான் பெரிய ஆபத்து. முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகளைப் பகல் வெளிச்சத்திலேயே மேட்டுப் பகுதிக்கு அனுப்பிவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்கட்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எச்சரிக்கையை அறிவித்தால் கைப்பேசி இல்லாதவர்களுக்கும் செய்தி போய்ச் சேரும்.

வடிந்த பின் மின்பணியாளர் சோதிக்கும்வரை மின்சாரத்தை இணைக்காதீர்கள். கிணற்றுநீரை இறைத்து, பிளீச்சிங் பவுடர் இட்டுச் சுத்தம் செய்யும்வரை குடிக்காதீர்கள். உப்பேறிய நீர் கொதிக்க வைத்தாலும் நன்னீர் ஆகாது. குடிநீரை முன்கூட்டியே குடங்களில் சேமித்து, உயரமான இடத்தில் மூடி வையுங்கள்.